ஊர் பேரில் எழுதியது

ஆறுதல்புரம், ஏரல் வழி
12 ஜனவரி 1908

பிரியமுள்ள தம்பி தேவசிகாமணிக்கு,

அக்காள் கெசியா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் நானும் உன் அத்தானும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? சுக்குத் தட்டிப்போட்டு வெந்நீர் குடி. சர்க்கார் கச்சேரிக்குப் போகிறவன் இருமிக்கொண்டே நின்றால் துரைக்குப் பிடிக்குமா?

உனக்கு மொழிபெயர்ப்புக் குமாஸ்தா வேலை கிடைத்ததை உபதேசியார் ஜெபகனி ஞாயிற்றுக்கிழமை ஜெபத்திலேயே சேர்த்துச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று நீ எழுதியதை மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனபோது உனக்கு ஆறு வயது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். உன் அத்தான் மணலில் உனக்கு ஏ, பி, சி எழுதிக் காட்டினார். இன்றைக்கு அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த மணலோடு சரி, நீ கச்சேரியில் எழுதுகிறாய். அதை நினைத்தால் எனக்குப் பசிக்கவே மாட்டேன் என்கிறது.

அவருக்கோ பசி, சோறு, பெண்டாட்டி ஒன்றும் ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு துண்டுக் கருப்பட்டியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஏரலுக்கு நடையைக் கட்டிவிடுகிறார். திருஞானசம்பந்தம் பிள்ளை ஜவுளிக்கடையில் மதராஸ் பத்திரிகை வருகிறதாம். வாசித்துக் காட்ட நல்ல குரல் வேண்டுமாம். கோயிலில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில் சுதேசிக் கப்பல் சங்கதியை வாசிக்கிறார். "இது எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டால், "ஏ கெசியா, நான் வாசிக்கத்தான் செய்யுதேன். கேக்கவன் என்ன நெனைச்சா எனக்கென்ன?" என்கிறார். ஆக்கிவைத்த மீன்குழம்பு தினமும் ஆறிப்போகிறது. நீ ஒரு வார்த்தை எழுதிப்போட்டால் கேட்பார்.

உன் சுகத்துக்கு உடனே எழுது.
கெசியா


பாளையங்கோட்டை
2 பிப்ரவரி 1908

என் தாயைப்போன்ற அக்காள் அவர்களுக்கு,

தம்பி தேவசிகாமணி பணிவோடு எழுதுவது. தங்கள் ஜெபத்தால் சுகமாயிருக்கிறேன். இருமல் போய்விட்டது. அத்தானுக்கு என் தோத்திரம்.

குமாஸ்தா என்ன செய்வான் என்று முன்பு கேட்டீர்களே. ஜனங்கள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டு, நல்ல வாசகமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வைக்கிறேன். அக்காள், இங்கிலீஷ்காரருடைய சாமர்த்தியத்தை இதில்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஒருவன் 'அப்படிச் சொல்லுதாக' என்று வாயைத் திறந்தால், 'எவம்லே சொன்னான்? கூட்டிட்டு வா' என்று சட்டையைப் பிடிப்பார்கள். அங்கே 'இட் ஈஸ் ஜெனரலி பிலீவ்டு' என்று ஆரம்பித்துவிட்டால் ஒருவனும் கேட்கமாட்டான். 'பொதுவாக நம்பப்படுகிறது' என்று அர்த்தம். நம்புகிறவன் யார், எத்தனை பேர், ஒரு விவரமும் வேண்டாம். 'இட் ஈஸ் வெல் நோன்' என்று ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததே என்பது. 'நோ ஒன் வில் டினை' என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். மறுக்கிறவன் நாலு பேர் எதிரே நின்றாலும் அதை எழுதலாம்! 'பப்ளிக் ஒப்பீனியன்' என்று எழுதினால் ஜில்லா முழுவதும் கைதூக்கி நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஹெட் குமாஸ்தா ஆவுடைநாயகம் பிள்ளை என்மேல் பட்சமாக இருக்கிறார். நேற்றுக்கூட, "வே தேவசிகாமணி, உம்ம பேர்ல ஒண்ணும் எழுதாதேயும். ஊர் பேர்ல எழுதும். ஊரைக் கூண்டுல ஏத்த ஒருத்தனாலயும் முடியாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அத்தானுக்கு நான் புத்தி சொல்வது முறையல்ல. ஆனால் அந்தக் கடையில் என்னதான் நடக்கிறது? அவர் வாசிக்க மட்டும்தான் செய்கிறாரா, எழுதவும் செய்கிறாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தங்கள் அன்புக்குரிய
தேவசிகாமணி


ஆறுதல்புரம்
20 பிப்ரவரி 1908

தம்பிக்கு,

சுகம். உன் சுகத்தை அறிந்து சந்தோஷம். இங்கே மாசிப் பனி. உன் அத்தானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் ஏரல்காரர்கள் பத்திரிகை இல்லாமல் கிடந்தார்கள், என் சோறும் ஆறாமல் இருந்தது.

உன் இங்கிலீஷ் வாசகங்களை அவரிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு ஆளும் சொல்லாததை ஊரே சொல்லுததா எழுதலாமா? அப்பம் நம்ம சாரம்மாளுக்குச் சர்க்கார் உத்தியோகமே கொடுக்கலாமே" என்றார். அடுத்த வீட்டுச் சாரம்மாளின் வாய் உனக்குத் தெரியாதா!

எழுதுகிறாரா என்று கேட்டிருந்தாய். நீ கேட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் எழுதத்தான் செய்கிறார். நீல அட்டை போட்ட நோட்டு. விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறார், வாய்க்குள்ளே ராகம் இழுக்கிறார், எழுதுகிறார், அடிக்கிறார். எட்டிப் பார்த்தால் மூடிவிடுகிறார். நம் அம்மாவின் தகரப்பெட்டியில் கீர்த்தனைப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்கிறார். "என்ன எழுதுதிய?" என்று கேட்டால், "உங்கிட்ட சொன்னா அது நாளைக்கே பாளையங்கோட்டைக்குப் போயிரும்" என்கிறார். துரைத்தனத்தைக் கவிழ்க்கத்தான் பாட்டுக் கட்டுகிறாராக்கும்! ஆளைப் பார், மூஞ்சியைப் பார். இதை யாரிடமும் சொல்லாதே, சிரிப்பார்கள்.

சத்தியநேசன் ஐயா மகளை உனக்குப் பெண் கேட்டிருப்பதாக முன்பே எழுதினேனே, அதற்குப் பதில் எழுதவில்லையே. பெண் நல்ல பெண். ஆனியில் பேசி முடித்தால் கார்த்திகைக்குள் கலியாணத்தை வைக்கலாம். வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்பார்களாம். அதுவும் நியாயம்தான்.

கெசியா


பாளையங்கோட்டை
30 மார்ச் 1908

அக்காள் அவர்களுக்கு,

சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

இந்த மாதம் திருநெல்வேலியில் நடந்த கலகம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டிடங்கள் எரிந்தன, துப்பாக்கிப் பிரயோகமும் ஆயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு கச்சேரியில் தலைநிமிர நேரமில்லை. ஒவ்வொரு பக்கத்து ஊர்களைப் பற்றியும் அந்தந்தப் பக்கத்துக் குமாஸ்தாக்களிடம் எழுதி வாங்குகிறார்கள். அதிகம் எழுதக் கூடாது.

அத்தானைக் கடைக்குப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். இனிக் கடிதத்தின் மேல்விலாசத்தில் என் உத்தியோகத்தைப் போட வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

தேவசிகாமணி


ஆறுதல்புரம்
26 ஏப்ரல் 1908

தம்பி,

நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் உலை வைத்திருந்தேன். ஒரு ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். ஊர் முழுவதும் பின்னாலேயே வந்தது. உன் அத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சாக்கட்டிக் கையோடு ஓடிவந்தார். ஏட்டு அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சாவி எங்க வே?" என்றான். எந்தச் சாவி என்று இவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுக்குப்பானையைப் பார்க்கவில்லை, பரணைப் பார்க்கவில்லை, மாட்டுக்கொட்டில் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே அம்மாவின் தகரப்பெட்டி. திறந்தான், கீர்த்தனைப் புத்தகங்களுக்கு அடியில் கையை விட்டான், நீல நோட்டை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டே எடுத்திருக்கலாம் தம்பி, அப்படி எடுத்தான்.

அவர்கள் போன பிறகு உலையில் அரிசி போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உன் அத்தான் சொன்னார். அது என்ன நோட்டுத் தெரியுமா? உன் கலியாணத்துக்கு அவர் கட்டிக்கொண்டிருந்த வாழ்த்துப்பா. தே, வ, சி, கா, ம, ணி என்று ஒவ்வொரு சரணத்துக்கும் உன் பெயரின் ஒவ்வொரு எழுத்தாக முதலில் வருகிறதாம். நாசரேத்தில் அச்சடித்து, பந்தியில் எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றுதான் எனக்கும் சொல்லவில்லை.

பெட்டி இருக்கிற இடம் யாருக்குத் தெரியும்? நெருப்பு வாங்க வருகிற சாரம்மாளைத்தான் நினைத்தேன். அவள் தூரத்திலிருந்து பார்த்தாலும் பூட்டிய பெட்டிக்குள் அவளுக்கு எப்படிக் கண் போகும்?

நோட்டு உங்கள் கச்சேரிக்குத்தான் போகும் என்று ஏட்டு சொன்னான். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். முதல் பக்கத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். 'இது என் கலியாணப் பாட்டு' என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருடைய வேலை தப்பிவிடும். இந்தக் கடிதம் கண்டவுடன் சொல்.

கெசியா


ஆறுதல்புரம்
24 மே 1908

தம்பி,

ஒரு மாதமாகத் தபால்காரன் எங்கள் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறான். உனக்கு உடம்புக்கு ஏதாவதா? உபதேசியார் போன வாரம் பாளையங்கோட்டை போனபோது உன்னை மார்க்கெட்டில் கண்டதாகவும் நீ நன்றாக இருந்ததாகவும் சொன்னார். தோத்திரம்.

உன் அத்தானை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கூடம். பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பிரம்பையும் மணியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். மிஷன் துரையிடம் போய், "நான் என்ன குற்றம் செய்தேன் ஐயா?" என்று கேட்டிருக்கிறார். "நான் சொல்லவில்லை. உம்முடைய ஊர் ஜனங்களே அப்படி நம்புகிறார்கள். ஊர் நம்பாத வாத்தியாரை நான் எப்படி வைத்திருக்க முடியும்?" என்றாராம். அதுமுதல் இவர் எதிர்ப்படுகிற ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்க்கிறார். "இவனா இருக்குமோ கெசியா? இவளா இருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

ஆர்டர் இங்கிலீஷில் இருக்கிறது. பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னி. இதில் என்னதான் போட்டிருக்கிறது என்று தமிழில் எழுதி அனுப்பு. அதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே மனுப் போடலாம் என்று ஏரல் ஜவுளிக்கடைப் பிள்ளை சொல்கிறார்.

நோட்டைப் பார்த்தாயா இல்லையா?

கெசியா


பாளையங்கோட்டை
14 ஜூன் 1908

அக்காள் அவர்களுக்கு,

சுகம். கோடைவெயில் அதிகம், தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அத்தானுக்கு நேர்ந்தது எனக்கு மிகுந்த மனவருத்தம். ஆர்டரின் தமிழ்: "தற்கால நிலைமையை முன்னிட்டும், கிடைத்துள்ள சில தகவல்களை முன்னிட்டும், ஆறுதல்புரம் பாடசாலை உபாத்தியாயர் நேசையா என்பவரை இம்மாதம் பதினைந்தாந்தேதி முதல் வேலையிலிருந்து விடுவித்திருக்கிறது. அவருக்கு வேறு பாடசாலைகளில் வேலை கொடுக்கப்படமாட்டாது." இவ்வளவுதான்.

மனுப் போடுவது வீண். போட்டால் மறுபடி விசாரணை வரும். கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் எல்லாம் ஆறிவிடும்.

நோட்டு என் மேஜைக்கு வரவில்லை.

என் வேலை நிரந்தரமாகிவிட்டது. சத்தியநேசன் ஐயா நவம்பர் மாதத்தில் கலியாணம் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். இந்தச் சமயத்தில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

தேவசிகாமணி


ஆறுதல்புரம்
19 ஜூலை 1908

தம்பி,

வேலை நிரந்தரமானதற்குக் கர்த்தருக்குத் தோத்திரம். சுகம் கேட்டு எழுதியிருந்தாய். இருக்கிறேன்.

'ஊர் ஜனங்களே நம்புகிறார்கள்' என்று துரை சொன்னாரே, அந்த ஜனங்களை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று முந்தின வாரம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஆறுதல்புரத்தில் நாற்பத்தோரு வீடு. ஒரு வீட்டையும் விடவில்லை.

முதலில் உபதேசியார் வீடு. "ஐயா, எங்க வீட்டு ஆளை நீங்க ராஜதுரோகின்னு நம்புனீகளா?" என்று கேட்டேன். "ஐயையோ, நான் ஏன் நம்புதேன்? ஊர்ல பேசிக்கிடுதாக கெசியா" என்றார். "யாரு?" என்றேன். "எல்லாரும்தான்." "ஒரு பேர் சொல்லுங்க." அவர் வேதப்புஸ்தகத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சாரம்மாள் அழுதேவிட்டாள். "எங்க அம்மை மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது பிள்ள. போலீசு வந்த பொறவுதான் நானே பேச ஆரம்பிச்சேன்" என்றாள். அவள் வாயில் உண்மை வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தோணிக்காரன் முத்துமாலை, "வாத்தியாரு வாசிச்சா துடுப்பைப் போட்டுட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பேன். அவுக மேல எவன் சொன்னாம்னு சொல்லுங்க, ஆத்துல முக்கிருதேன்" என்று கத்தினான். எல்லா வீட்டிலும் இதே கதைதான். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவருக்கும் யார் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். ஏப்ரல் மாதத்துக்கு முந்தி இதைக் கேள்விப்பட்டேன் என்று சொல்ல நாற்பத்தோரு வீட்டிலும் ஒரு நாதி இல்லை. போலீசு வந்ததால்தான் ஊர் நம்பியிருக்கிறது. ஊர் நம்பியதால்தான் எல்லாம் என்று துரை சொல்கிறார்!

இப்போது உண்மையாகவே நம்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு கோயிலில் அசன விருந்து. பந்தியில் உன் அத்தான் உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு இலை காலி, அந்தப் பக்கம் ஒரு இலை காலி. பரிமாறுகிறவன் காலி இலைகளுக்கும் சோறு வைத்துவிட்டுப் போனான். அவர் பாதியில் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை.

ஒன்று கேட்கிறேன். நான் அனுப்பிய இங்கிலீஷ் பதினோரு வரி. நீ அனுப்பிய தமிழ் நாலு வரிதான். இங்கிலீஷ் என்ன அவ்வளவு இழுத்து எழுதுகிற பாஷையா?

கெசியா


ஆறுதல்புரம்
6 செப்டம்பர் 1908

தேவசிகாமணிக்கு,

போர்டிங் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் சொன்ன சாலோமி அம்மாள் இப்போது நாசரேத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். கண் மங்கிவிட்டது. நடந்தே போய்ப் பார்த்தேன். வெயிலில் ஆர்டரைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொன்னார்கள். நீ விட்டுவிட்ட வரிகளை அப்படியே எழுதுகிறேன், நீ பார்த்திருக்கமாட்டாய் அல்லவா?

'மேற்படி நேசையா ராஜதுரோகமான பாட்டுகளைக் கட்டி, அவற்றைத் தன் வீட்டில் ஒரு தகரப்பெட்டியில் கீர்த்தனைப் புத்தகங்களுக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறான் என்று அவ்வூரில் பொதுவாக நம்பப்படுகிறது.'

அந்த அம்மாள் ஆரம்பத்து வார்த்தைகளை வாசித்ததுமே மறுபடி வாசிக்கச் சொன்னேன். இட் ஈஸ் ஜெனரலி பிலீவ்டு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இந்த ஒரு வாசகம் தெரியும். நீ சொல்லிக்கொடுத்தாய்.

நாற்பத்தோரு வீடு ஏறி இறங்கினேனே, பைத்தியக்காரி! ஒரு வீட்டுக்குப் போக மறந்துவிட்டேன், என் வீட்டுக்கு. அந்தப் பெட்டியை, அந்தக் கீர்த்தனைப் புத்தகத்தை, அந்தப் பாட்டை, இந்த உலகத்தில் ஒரு ஆள்தான் ஒரு ஆளுக்குச் சொன்னது. நான் உனக்கு. அதுவும் சிரிப்புக்காகச் சொன்னேன். அந்த 'ஊர்' நான்தான் தேவசிகாமணி.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுது. நோட்டு உன் மேஜைக்கு வந்ததா?

கெசியா


பாளையங்கோட்டை
27 செப்டம்பர் 1908

அக்காள்,

வந்தது.

இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தத்தான் நினைத்தேன், முடியவில்லை. மார்ச் மாதம் ஆவுடைநாயகம் பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "உம்ம பக்கத்துல சந்தேகப்படுத ஆளு அஞ்சு பேர் வேணும். அஞ்சுக்குக் கொறைஞ்சா நீரு மறைக்கீருன்னு ஆகும்" என்றார். ஏற்கெனவே மற்றவர்கள் சொன்ன நாலு பேர் இருந்தது. ஐந்தாவது இல்லை. எனக்கு வேலை நிரந்தரமாகாத சமயம். தங்கள் கடிதம் பையில் இருந்தது. பெயர் நான் எழுதவில்லை அக்காள், 'ஆறுதல்புரம் வாத்தியார்' என்று மட்டும்தான் எழுதினேன். என்னவோ ஒரு பட்டியல், அலமாரியில் போய்த் தூங்கும் என்று நினைத்தேன். நான் சொன்னதாக எழுதியிருந்தால் எனக்குக் கை வந்திருக்காது. ஊர் பேரில் எழுதினேன். எழுதும்போது நான் எழுதுகிற மாதிரியே இல்லை. அந்த வாசகம் அப்படிப்பட்டது.

மே மாதம் மொழிபெயர்க்கச் சொல்லி நோட்டை என்னிடமே அனுப்பினார்கள். திறந்தேன். 'தேன்மொழி மங்கை கரம்பிடித்து' என்று ஆரம்பித்தது. கீழே அத்தான் எழுத்தில் 'தம்பிக்கு' என்று இருந்தது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. இது என் கலியாணப் பாட்டு என்று சொன்னால், அந்த வாத்தியார் என் அத்தான் என்பது தெரிந்துவிடும். தெரிந்தால், சொந்த அக்காள் கடிதத்தை ஊர் அபிப்பிராயமாக எழுதினவன் என்பதும் தெரிந்துவிடும். வேலை போகும், ஜெயிலும் வரலாம். 'குடும்பச் சம்பந்தமான செய்யுட்கள், கருத்துத் தெளிவில்லை' என்று எழுதிக்கொடுத்தேன். பொய் எழுதவில்லை.

கலியாணத்துக்குத் தாங்களும் அத்தானும் வராவிட்டால் பெண் வீட்டார் கேட்பார்கள். நவம்பர் பதினெட்டாந்தேதி. என் முகத்துக்காக இல்லாவிட்டாலும் அம்மா முகத்துக்காக வாருங்கள். அத்தானுக்குத் தெரியுமா? தெரியப்படுத்த வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்கிறேன்.

தேவசிகாமணி


ஆறுதல்புரம்
6 டிசம்பர் 1908

தேவசிகாமணிக்கு,

சுகமா என்று கேட்கவில்லை. சுகமாயிருப்பாய்.

உன் கலியாணத்தன்று உன் அத்தான் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பலுக்குக் காத்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலையாம், ஏரல் பிள்ளை சொல்லி ஏற்பாடு செய்தார். நாற்பத்தேழு வயதில் கடல் தாண்டுகிறார். என்னைக் கூட்டிப்போகவில்லை. அங்கே குளிர் அதிகம், முதலில் போய்ப் பார்க்கிறேன் என்றார்.

அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நீ என் காலில் விழுந்தது ஒன்றும் காரணமில்லை, எத்தனை தடவை விழுந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. உன் பேரைச் சொன்னால் அதன் பின்னாலேயே என் பேரும் வரும். பதினெட்டு வருஷம் சோறு போட்ட கை, அவர் வாயில் மண்ணையும் போட்டது என்று எந்த வாயால் சொல்வேன்? நானும் உன்னைப்போலத்தான், பார். ஊர்தான் செய்தது என்று அவரை நம்பவிட்டேன். ஆற்றங்கரைவரை கூடப் போனேன். தோணியில் ஏறும்போது திரும்பி ஊரைப் பார்த்துக் காறித் துப்பினார். "ஒருத்தன் செஞ்சிருந்தா மன்னிச்சிருவேன் கெசியா. ஊரே சேர்ந்துல்லா செஞ்சிருக்கு, யாரைப் போய் மன்னிக்க?" என்றார். அந்த நேரம் வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

அவர் புறப்படுவதற்கு முந்தின வாரம் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சர்க்கார் முத்திரை, நம்பர். 'ம' வரைக்கும் எழுதியிருக்கிறார், 'ணி' மட்டும் பாக்கி. போகும்போது அவர், "தம்பி கலியாணத்துக்கு ஒண்ணும் கொடுக்காமலா இருக்க? நீயாவது இதை அனுப்பிரு" என்றார். அனுப்பியிருக்கிறேன். உன் பெண்டாட்டியிடம் வாசித்துக் காட்டு. இங்கிலீஷில் வேண்டுமென்றால் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது.

இனி எனக்கு எழுதாதே. வந்தால் தபால்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. நேற்றுக்கூடக் கிணற்றடியில் சாரம்மாள், "உனக்கென்ன பிள்ள, பாளையங்கோட்டையில கச்சேரி உத்தியோகத்துல ஒரு தம்பி இருக்கான்" என்றாள்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுதாக" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கெசியா